நர்கீஸ் பிரிக்காத கட்டு

திண்டுக்கல் நூர் ஆப்செட் அச்சகத்தில் நர்கீஸ் அக்காவின் கம்ப்யூட்டர் திரை நேராக மேசைமேல் இருக்காது. அதற்கு அடியில், பழுப்புத் தாள் சுற்றிச் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டு இருக்கும். நாலு விரல் உயரம். 2007இல் எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் மலரை அச்சடிக்க அங்கே போயிருந்தேன். பட்டம் வாங்கியவன் என்ற ஒரே காரணத்துக்காக அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள், எனக்கும் அதில் பெருமைதான். பிழை குறிக்கத் தாள் தேவைப்பட்டது. கட்டில் இருப்பது வெறுந்தாள் என்று நினைத்து, ரெண்டு உருவிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுக்குள்ள நீயும் இருக்க தம்பி. ஆனா தொடக் கூடாது" என்றார்.

நான் இருப்பது உண்மைதான். 1998ஆம் வருடப் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, மூன்றாம் வரிசை, இடமிருந்து நான்காவது. அந்தக் கட்டின் கதையை அன்று அவர் வேலையோடு வேலையாகச் சொன்னார். மீதியை மற்றவர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

நர்கீஸ் பேகம்பூரில் பிறந்தவர். அவருடைய அத்தா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நர்கீஸ் பிளஸ் டூ முடித்து, தமிழ்த் தட்டச்சில் ரெண்டு பரீட்சையும் பாஸ் செய்திருந்தார். 1993இல் ஜமால் முகமது பாய் தன் அச்சகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதன் முன்னால் உட்கார ஆள் தேடி நர்கீஸைக் கூப்பிட்டுக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் என்று வருடம் பூராவும் வேலை இருக்கும். ஜனவரி பிறந்தால் பள்ளிக்கூட ஆண்டு மலர்கள் வந்து குவியும். அந்த ரெண்டு மாதம் மட்டும் நர்கீஸ் வேறு ஆள் ஆகிவிடுவார் என்று பாய் சொல்வார்.

மலருக்கு முதல் வேலை டம்மி கட்டுவது. வெறுந்தாளை மடித்துப் புத்தகமாக்கி, எந்தப் பக்கத்தில் எது வரும் என்று பென்சிலால் எழுதி வைப்பார்கள். பதினாறு பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அடிப்பது. ஒரு கவிதை கூடிப்போய்ப் பக்கம் பதினேழானால், எதையாவது குறைத்தாக வேண்டும். படப் பக்கங்கள் வழவழப்பான ஆர்ட் தாளில் தனியாக வரும். அதில் மை காய நாளாகும் என்பதால் அதைத்தான் முதலில் அடிப்பார்கள். இதெல்லாம் எந்த அச்சகத்திலும் உள்ளதுதான். நர்கீஸிடம் கூடுதலாக ஒரு நோட்டு உண்டு.

மற்றவர்கள் தாளாளர் வாழ்த்துரையையும் தலைமையாசிரியர் படத்தையும் கேட்பார்கள். இவர் முதலில் எல்லா வகுப்பின் வருகைப் பட்டியலையும் கேட்பார். ஒரு பெயருக்கு ஒரு வரி என்று நோட்டில் எழுதிக்கொள்வார். மலரில் அந்தப் பெயர் வரும் பக்க எண்ணைப் பக்கத்தில் குறிப்பார். எண் விழாத பெயர் ஒன்று இருந்தால்கூட மலர்ப் பொறுப்பாசிரியரை விடமாட்டார். இந்தப் புள்ள எங்கேயுமே வரலையே சார், கோலப் போட்டியிலாவது சேத்துக்கிட்டாங்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நர்கீஸ் படித்த பள்ளி மலரில் அவருடைய வகுப்புப் படத்துக்குக் கீழே பதினெட்டுப் பெயரைப் போட்டுவிட்டு, இடம் போதாமல் 'மற்றும் பலர்' என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பலரில் இவர் ஒருவர். மலரைக் கையில் வாங்கிய பிள்ளை முதலில் தேடுவது தன் பெயரைத்தான், அது இல்லையென்றால் அப்புறம் அந்தப் புத்தகத்தில் என்ன இருந்து என்ன என்பார்.

எங்கள் பள்ளி திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் நடுவில் இருக்கிறது. மலர்ப் பொறுப்பு தமிழாசிரியர் ராயப்பராஜ் சாருக்கு. 1998இல் வகுப்புப் படங்களைக் குடியரசு தினத்தன்று, கொடியேற்றி முடிந்த கையோடு வேப்பமரத்தடியில் எடுத்தார்கள். எடுத்தது நர்கீஸின் தம்பி தப்ரேஸ். எல்லோர் சட்டையிலும் சின்னக் காகிதக் கொடி குத்தியிருந்தது.

எங்கள் வகுப்பில் பழனியம்மாள் மட்டும் வரவில்லை. மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாள். அவளுடைய அம்மா மூக்காயி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். அப்பா கிடையாது. ஒரே மகள்.

நர்கீஸின் நோட்டில் பழனியம்மாள் பெயருக்கு எதிரே எண் விழவில்லை. ராயப்பராஜ் சாரிடம் பரீட்சை விண்ணப்பத்துக்குக் கொடுத்த சின்னப் படம் ஒன்று மிச்சம் இருந்தது. அதை வாங்கி, வகுப்புப் படத்தின் வலது மேல் மூலையில், மரக்கிளைக்கு மேலே வானம் வெளுத்துத் தெரிந்த இடத்தில், வட்டமாக வெட்டி ஒட்டினார். வெறும் வட்டமாக விட மனமில்லை. நோயில் கிடக்கும் பிள்ளை, கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று சுற்றிலும் பூப்பூவாக ஒரு பார்டர் போட்டார். சார் பார்த்துவிட்டு ரொம்பப் பிரமாதம் என்றார். எங்களுடையது கிறிஸ்தவப் பள்ளி, மலரில் வட்டத்துக்குள் வருவது ஆயரும் தாளாளரும்தான். பழனியம்மாளுக்கு அந்த மரியாதை கிடைத்ததாகவே அவர் நினைத்தார். கையெழுத்துப் போட்டார். அறுநூற்றைம்பது தாள் அடித்தாயிற்று.

சார் நல்ல மனுஷர். அச்சான தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் பழனியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்காயி மில்லுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் கொடுத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. அச்சகம் திறந்த கொஞ்ச நேரத்தில் மூக்காயி வந்தார். சேலைக்கு மேல் போட்ட மில் சட்டையும் தலையில் ஒட்டிய பஞ்சுமாக, இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன கையோடு வந்திருந்தார். ஒயர்க் கூடையில் அந்தத் தாள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"எம்மகளை மேல ஏத்துனது யாரு?"

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்றே நர்கீஸ் நினைத்தார். "நாந்தாங்க்கா. நல்லா வந்திருக்கா?" என்றார் சிரித்துக்கொண்டே.

மூக்காயி சத்தம் போடவில்லை. தாள் அடுக்குக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து தாளை விரித்தார். "மூணு வாரமா கீழாநெல்லி அரைச்சு அரைச்சு என் கையே பச்சையாப் போச்சு. நேத்துத்தான் எந்திரிச்சு செத்த நேரம் வாசல்ல உக்காந்தா. நீ அவளுக்கு மாலையப் போட்டு மேல மாட்டிட்டியே தாயி."

நர்கீஸுக்கு உடனே விளங்கவில்லை. எந்த மாலை என்று தாளைப் பார்த்தார். கீழே நாற்பத்தொரு பேர் வரிசையாக இருந்தார்கள். மேலே தனியாக ஒரு முகம். சுற்றிலும் பூ. அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு வேறு எதுவாகவும் அதைப் பார்க்க முடியவில்லை.

"உங்க வீட்டுல செத்தவுகளை எங்க மாட்டுவீக?" என்று கேட்டார் மூக்காயி.

"எங்க வீட்டுச் சுவத்துல யாரு படமும் மாட்டுறதில்லக்கா. எங்க அத்தா மௌத்தாகி நாலு வருசமாச்சு. அவருக்கே படம் இல்ல."

மூக்காயி அவர் முகத்தைப் பார்த்தார். பொய் இல்லை என்று பட்டிருக்க வேண்டும். "நீ தெரியாமத்தான் செஞ்சிருக்க. ஆனா இது அறுநூறு வீட்டுக்குப் போகுமே. அறுநூறு வீட்டுலயும் அவளைப் பாத்து, அடப்பாவம் எப்பப் போனா இந்தப் புள்ளன்னு கேப்பாகளே. அத்தனை வாயும் சொன்னா அவ என்னத்துக்கு ஆவா?"

ஜமால் பாய் எழுந்து வந்தார். வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. தாள் எல்லாம் அடித்து முடிந்துவிட்டது. அவருக்குத் தோன்றியதைச் சொன்னார்: அந்த வட்டத்தை மட்டும் கறுப்பு மையால் அடித்து மறைத்துவிடலாம். சொல்லி முடிப்பதற்குள் மூக்காயி திரும்பிப் பார்த்த பார்வையில், தான் சொன்னது தனக்கே உறைத்து, டீ சொல்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.

நர்கீஸ், மெதுவாக, படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கு நோட்டு ஞாபகம் வந்தது. மூக்காயிக்கும் அது ஒப்பவில்லை. எடுத்தால் இல்லாமல் போய்விடுவாளே என்றார். மேலேயும் வேண்டாம், இல்லாமலும் வேண்டாம். இதில் ரெண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

"மத்த புள்ளைகளோட கீழ நிக்கணும் தாயி. அதோட, காலு தெரியணும்."

"காலா?"

"உசுரோட இருக்கிறவுகளுக்குத்தான் காலு தெரியும்."

முழு வகுப்பையும் மறுபடி நிறுத்திப் படம் எடுக்க வழியில்லை. எங்களுக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. காலையிலும் மதியத்திலும் பரீட்சை. நர்கீஸ் டம்மியை எடுத்தார். படத்தைப் பார்த்தார். முதல் வரிசை பெஞ்சில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசைகளில் நிற்கும் யாருக்கும் கால் தெரியவில்லை. இரண்டாம் வரிசையின் வலது கோடியில் மட்டும், ஜெயமேரி என்ற பெண்ணை அடுத்து, ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. பெஞ்சு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அங்கே நின்றால் தலை முதல் கால் வரை தெரியும். அவளை மட்டும் தனியாகப் படம் எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, குடியரசு தினத்தன்று வெயில் விழுந்த அதே நேரத்துக்கு, பழனியம்மாளைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளி வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார் மூக்காயி. யூனிபார்ம் இடுப்பில் நிற்கவில்லை, ஊக்குக் குத்தியிருந்தது. காலியாகக் கிடந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆளாக அவள் நிற்பதை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நாற்பத்தொரு பேருக்கு இடம் விட்டு ஒருத்தி நிற்பதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி கொஞ்சம் ஒடுங்கி நிற்கச் சொன்னார் தப்ரேஸ்.

"யாரு சார் பக்கத்துல?"

"ஜெயமேரியாம்."

"அப்ப இன்னும் ஒடுங்கணுமே" என்று சொல்லிப் பழனியம்மாள் சிரித்தாள். ஜெயமேரி நல்ல ஆகிருதி. அந்தச் சிரிப்பில் தப்ரேஸ் பட்டனை அழுத்திவிட்டார்.

தலையின் அளவு மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று, ஒரே படத்தை மூன்று அளவில் கழுவிக் கொடுத்தார் தப்ரேஸ். நடுவில் இருந்தது சரியாகப் பொருந்தியது. நர்கீஸ் பிளேடால் உருவத்தை வெட்டி, ஓரம் முழுவதையும் பின்பக்கமாக உப்புத்தாளால் தேய்த்தார். ஓரம் தடித்திருந்தால் மறுபடி படம் எடுக்கும்போது கோடு விழும், ஒட்டு தெரிந்துவிடும். தேய்த்துத் தேய்த்து வெங்காயத் தோல் மாதிரி ஆக்கி ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. எல்லோர் சட்டையிலும் கொடி இருக்கிறது, இவளுக்கு மட்டும் இல்லை. வெள்ளை மையில் ஒரு அரிசி அளவுக்குப் பொட்டு வைத்து, மெல்லிய பேனாவால் ரெண்டு கோடு இழுத்தார். கொடி குத்தியாயிற்று.

படத்தைப் புள்ளிகளாக மாற்றிப் பிலிம் எடுக்க அப்போது மதுரைக்குத்தான் போக வேண்டும். புதன்கிழமை அவரே பஸ் ஏறிப் போய், உட்கார்ந்து வாங்கிவந்தார். வியாழக்கிழமை காலை புதுத் தாள் மிஷினிலிருந்து விழ விழ, நாலு மின்விசிறி போட்டுக் காயவைத்தார்கள்.

மத்தியானம் மூக்காயி வந்தார். தாளைக் கையில் வாங்கி, முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். வகுப்பிலேயே கால் தெரிவது அவளுக்கு மட்டும்தான். ரப்பர் செருப்பின் வார்கூடத் தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "சிரிக்கிறாளே கழுதை" என்றார். உண்மைதான், மற்ற நாற்பத்தொரு பேரும் முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதோடு முடிந்தது என்றுதான் நர்கீஸ் நினைத்தார். மூக்காயி போகவில்லை. பழைய தாளையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

வழக்கமாக வீணான தாள் எடைக்குப் போகும், அங்கிருந்து கடலைக் கடைக்குப் போகும் என்றார் பாய். அதை மூக்காயி ஒத்துக்கொள்ளவில்லை. பூப்போட்ட வட்டத்தோடு மகள் முகம் கடலை மடித்து ஊர் ஊராகப் போவதா என்றார். அப்படியானால் எரித்துவிடலாம் என்றார் பாய். உயிரோடு இருக்கிற பிள்ளையையா என்றார் மூக்காயி. கிழித்துப் போடலாமா? கூடாது. ஆற்றில் விடலாமா? சாம்பலைத்தான் அங்கே விடுவார்கள். பாய் சோர்ந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இதை என்னதாம்மா செய்யறது?"

"நான் வச்சிருக்கேன்க்கா" என்றார் நர்கீஸ்.

"எம்புட்டு நாளைக்கு?"

"நீங்க சொல்ற வரைக்கும்."

அறுநூற்றைம்பது தாளையும், பக்கத்து வீட்டில் கொடுத்ததோடு சேர்த்து எண்ணி, முகம் உள்பக்கமாக இருக்கும்படி அடுக்கி, பழுப்புத் தாள் சுற்றிக் கட்டினார். வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவில் மலர் வந்தது. என் கட்டுரை பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. ரேஷன் கார்டுக்கு வெளியே எங்கள் வீட்டுப் பெயர் ஒன்று அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. நானும் என் பெயரைத்தான் முதலில் தேடினேன்.

அப்புறம் வருடங்கள் போயின. மழைக்கு ஒழுகியபோது கட்டு மேலே ஏறியது. எலி வந்தபோது பீரோவுக்குள் போனது. 2000இல் நர்கீஸுக்குக் கல்யாணம். மூன்று மாதம் லீவில் போகும்போது, 'மூக்காயி அக்கா சொல்லாமல் எடுக்கக் கூடாது' என்று அதன்மேல் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். நர்கீஸோட சீதனம், கொண்டுபோக மறந்துட்டுப் போயிருச்சு என்று பாய் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ஆனால் யாரையும் தொடவிடவில்லை. திரும்பி வந்தபின் கழுத்துவலி என்று டாக்டர் திரையை உயர்த்தி வைக்கச் சொன்னார். நர்கீஸ் அலமாரியில் பார்த்தார், அளவாக இருந்தது அதுதான்.

2005இல் கட்டிட உரிமையாளர் இடத்தைக் கேட்டார். அச்சகத்தை வேறு தெருவுக்கு மாற்ற வேண்டும். அதற்குள் எல்லா வேலையையும் நர்கீஸ்தான் பார்த்துக்கொண்டார். பாய் கல்லாவில் உட்காருவதோடு சரி. பழசையெல்லாம் கழித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பாய் கறாராகச் சொன்னார். கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏழு வருசமாச்சு. அந்தம்மாவே மறந்திருக்கும்" என்றார்.

மறந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் எடுக்க நர்கீஸுக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடசந்தூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து மினி பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

மூக்காயிக்கு அடையாளம் தெரிய நேரமாகவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சுவரில் மலரிலிருந்து எடுத்த அந்த வகுப்புப் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. எல்லோரும் மாட்டுகிற உயரத்தில் இல்லை. இடுப்பு உயரத்தில், குனிந்து பார்க்கிற மாதிரி. பழனியம்மாள் நர்ஸ் படிப்பு முடித்து ஒட்டன்சத்திரத்தில் வேலையில் இருந்தாள். அன்று லீவில் வந்திருந்தாள்.

நர்கீஸ் வந்த விஷயத்தைச் சொன்னார். இடம் மாறுகிறோம், அந்தத் தாளை இனிமேல் எடுத்துவிடலாமா?

"எந்தத் தாளு?" என்றவர், உடனே வாயில் கைவைத்துக்கொண்டார். "அடி ஆத்தா, இன்னுமா வச்சிருக்க? நாலு மாசத்துல எடைக்குப் போட்டிருப்பீகன்னுல நெனச்சேன்."

"நீங்க சொல்றவரைக்கும்னு சொன்னேன்லக்கா."

மூக்காயி அடுப்படிக்குப் போனார். காப்பி கலக்கும் சத்தம் கேட்டது. பழனியம்மாள் மெதுவாக, தன் அம்மா அந்தப் படத்தைத் தனக்குக் காட்டியதே இல்லை என்றாள். என்ன அப்படி என்று ஒரு தடவை பார்க்க ஆசை, கட்டைத் தானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

"நீ சும்மா இரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

காப்பியை நர்கீஸ் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார் மூக்காயி. "தாயி, அன்னைக்குப் படுத்து எந்திரிச்சவதான். அதுக்கப்புறம் ஒரு காய்ச்சல்னு இவ பாய்ல விழுந்ததில்ல. பத்துல பாசு, பன்னெண்டுல பாசு, நர்சாகி ஊராருக்கு ஊசி போடுறா. நான் என்னமோ எங்க சாமியாலன்னு நெனச்சிருந்தேன். நீ அங்க அவளைக் கட்டிக் காத்துக்கிட்டு இருந்திருக்க." காப்பியைக் குடிக்கச் சொல்லிக் கைகாட்டினார். "இத்தனை வருசம் நல்லாப் போய்க்கிட்டிருக்கிறதை எதுக்கு மாத்தணும்? அது உன் கையிலயே இருக்கட்டும்."

நர்கீஸ் அக்கா இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "விடுதலை வாங்கப் போனேன் தம்பி. ஆயுசுக்கும் எழுதி வாங்கிட்டு வந்தேன்."

"பாய் என்ன சொன்னார்?"

"அவரு என்ன சொல்வாரு. அந்தம்மா சொன்னதைச் சொன்னேன். அப்ப மொதல்ல அதைக் கொண்டுபோய் வையின்னாரு."

புது இடத்துக்கு ஆட்டோ பிடித்து, கட்டை மடியில் வைத்துக்கொண்டு போனார் நர்கீஸ். பெருக்கித் துடைத்திருந்த வெறும் அறையில், கம்ப்யூட்டர் மேசை வரப்போகிற மூலையில் அதை வைத்துவிட்டுத் திரும்பினார். மிஷின் மறுநாள்தான் வந்தது.